பூங்காவில் இரண்டு பச்சைச் சேலைகள்

மருத்துவர் தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லியிருக்கிறார். நானோ நான்கு அடிக்கு ஒரு படம், இரண்டு அடிக்கு இன்னொரு படம். திருப்பதியில் காலை ஏழு மணிப் பூங்கா அப்படி. ஈரப் புல்லில் கால் உதறும் மைனா. காசுக்குப் பாவாடை கட்டிவிட்டதுபோல் உதிர்ந்து கிடக்கும் செம்மரத்துக் காய். மலையின் தோளில் மறந்து வைத்த துண்டாக ஒரு மேகம். எல்லாம் தானாகவே கைப்பேசிக்குள் வந்து குதிக்கின்றன.

"நடக்க வந்தீங்களா, அணிலுக்குக் கல்யாண ஆல்பம் போட வந்தீங்களா?" என்றாள் மனைவி. கூடவே, "என்ன மட்டும் எடுத்துடாதீங்க."

இதை நான்கு நாளாகச் சொல்கிறாள். நான்கு நாளுக்கு முன்புதான் திருமலையில் முடி கொடுத்தாள். என் நெஞ்சில் அடைப்பு எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டாளாம். பெண்கள் மூன்று கத்திரி கொடுத்தால் போதும். நுனியில் மூன்று வெட்டு, வேண்டுதல் தீர்ந்தது. நானும் அதைத்தான் சொன்னேன்.

"உங்க நெஞ்சு இன்னா நுனியிலயா அடச்சிக்கினு இருந்திச்சி?" என்று கேட்டுவிட்டு முடி இறக்கும் கூடத்துக்குள் போனாள். வெளியே வரும்போதே தலை முந்தானைக்குள் இருந்தது. அதன்பின் வீட்டில்கூட அந்த முந்தானை இறங்கவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தினமும் போட்டோ கேட்கிறாள். வளரட்டும் என்பதே பதில். எனக்கோ அது வளர்வதற்குள் ஒரு படம் வேண்டும். எனக்காக இறக்கிவைத்த முடி. அது இருந்த இடத்தை ஒரு தடவையாவது நான் பார்க்க வேண்டாமா?

"இந்த ஊர்ல மொட்டைய யாரு திரும்பிப் பாக்கறாங்க?" என்று சொல்லிப் பார்த்தேன். பெஞ்சுக்கு ஒரு சந்தனத் தலை உட்கார்ந்திருக்கும் ஊர் இது.

"பாக்கறவங்க பாத்துட்டுப் பூடுவாங்க. போட்டோ எங்கியும் போவாது" என்றாள். திருட்டுத்தனமாக எடுக்க மாட்டேன் என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியம் என் கட்டைவிரலில் அரித்துக்கொண்டே இருந்தது.

வேப்பமரத்தடியில் மண்டியிட்டு ஓர் எறும்புப் புற்றைப் படம்பிடித்து நிமிர்ந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. முன்னால், பாதை வளைகிற இடத்தில், காலையில் அவள் கட்டிய பச்சைச் சேலை. முந்தானை தோளில் கிடந்தது. வெயில் நேராகச் சந்தனத் தலையில் விழுந்து வழுக்கிக்கொண்டிருந்தது. சத்தியமாவது ஒன்றாவது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவ்வளவு வேகமாக நான் நடந்ததே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று படம்.

அந்தத் தலை திரும்பியது. வேறு யாரோ ஓர் அம்மாள்.

"ஏமண்ணா, என்ன எதுக்கு எடுக்கறீங்க?"

"இல்லைங்க… எங்க வீட்டுக்காரம்மானு நெனச்சி…"

"கட்டின பொண்டாட்டியத் தெரியலயா?"

"அவருக்கு எங்க தெரியும்க்கா?" என்று பக்கத்துப் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. என் மனைவி. கையில் வாசல் வண்டியில் வாங்கிய ராகி ஜாவாக் கஞ்சி. "இருவத்தாறு வருசமா சடையப் பாத்துக்கினே பின்னாடி வந்த மனுசன்." பிறகு என்னைப் பார்த்தாள். "அப்போ திருட்டுத்தனமாத்தான் எடுக்க ஓடியாந்தீங்க."

அழித்துவிடுகிறேன் என்று அந்த அம்மாளிடம் கைப்பேசியை நீட்டினேன். அவர் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அழிக்காதீங்கண்ணா. நல்லாத்தான கீறேன். எங்க வூட்ல யாரும் ஒரு படம் எடுக்கல." பெஞ்சில் போய் அமர்ந்து என் மனைவியிடம் காட்டினார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். வெயில், சந்தனம், பின்கழுத்தில் ஒரு சின்ன மச்சம்.

"என் தலையும் இப்டித்தான் இருக்குதா?" என்றாள்.

"எனக்கெப்படித் தெரியும்? நீதான் காட்டவே இல்லியே."

ஜாவா டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையை இறக்கினாள். காற்று பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "சீக்கிரம் எடுங்க" என்றாள். அவசரத்தில் பாதி பெஞ்சும் முக்கால் முகமுமாக வந்தது. அதைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"யப்பா, இவ்ளோ பெரிய காதா எனக்கு? முடிக்குள்ள இத்தன நாளா ஒளிஞ்சிக்கினு கீது." சிரித்தாள். "அனுப்புங்க பொண்ணுக்கு. உங்க நைனா வேற ஆளப் புடிச்சிட்டு அப்பறம்தான் என்னப் புடிச்சாருன்னு கீழ எழுதுங்க. எழுதிட்டு செல்போன உள்ள வையுங்க. இன்னும் முப்பது நிமிசம் நடக்கணும்."

அனுப்பினேன். நிமிர்ந்தபோது இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டிருந்தார்கள். இரண்டு பச்சைச் சேலை, வெயிலில் இரண்டு சந்தனத் தலை. இந்தத் தடவை தப்பு நடக்கவில்லை. காதைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.