பச்சோந்திக்கு வெட்டிய பட்டு

எங்கள் ஊர் மோராமங்காவில் யாரும் பச்சோந்தியை வீட்டுக்குள் விடமாட்டோம். வழியில் கண்டால் ஒதுங்கிப் போவோம். அதற்கு ஒன்று ஆகிவிட்டால் முன்னோர்கள் சும்மா விடமாட்டார்கள். பக்கத்து வீட்டு சிலாவு, சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவன், சக்கரத்தை ஒரு பச்சோந்தியின் வாலிலேயே ஏற்றிவிட்டான். நசுங்கிய வாலோடு அதைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். குணமாக்கிக் காட்டில் விட்டால் தப்பித்தான். செத்துப்போனால் கொன்றவன் அவன்தான்.

மனைவி ஒனோரின் வாசலிலேயே மறித்தாள். "இது உள்ள வந்தா நான் வெளிய போறேன்." போகவில்லை.

ஜன்னலோரத் தொட்டியில் ஒரு காப்பிச் செடி, அதைச் சுற்றிப் பழைய கொசுவலை. அதுதான் பச்சோந்திக்கு மாளிகை. கிண்ணத்துத் தண்ணீரை அது திரும்பியும் பார்க்கவில்லை. இலையில் சொட்டினால் நக்கியது. உடனே தகர டப்பாவில் ஓட்டை போட்டு மேலே தொங்கவிட்டான். தீனிக்கு வெட்டுக்கிளி, அதுவும் உயிரோடு. சவாரிக்கு ஆள் காத்திருக்க, இவன் புல்லில் பாய்ந்துகொண்டிருப்பான். "ஐயா சாப்பிட்டீங்களா?" என்று பச்சோந்திக்கு மரியாதை வேறு.

"யோவ், இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவை சாப்பிட்டியான்னு கேட்டிருக்கியா?"

"நீ கேக்காமலே சாப்பிடுவே. ஐயாவுக்குக் கூச்சம்."

ஆனால் அவன் போனபிறகு, வலைக்குள் அழுகிய வாழைப்பழம் வைத்து ஐயாவுக்கு ஈ வரவழைத்தது ஒனோரின்தான். வாசலில் உட்கார்ந்து அப்பம் சுடுகிற என் கண்ணுக்கு எது தப்பும்?

வால் ஆறியது. காட்டில் விடலாம் என்றிருந்தபோது ஐயா சாப்பாட்டை நிறுத்தினார். உடம்பு கறுத்தது, வயிறு வீங்கியது. செடியைவிட்டு இறங்கித் தரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். சிமெண்ட் தரை. நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

"தனக்குக் கல்லறை தேடுறாரு" என்றான் சிலாவு. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. படுக்கக் கல்லறை இல்லாமல் சாவதைவிட எங்களுக்குப் பெரிய கேவலம் கிடையாது. அவன் வாளி நிறைய ஈரமண் கொண்டுவந்தான். கல்லறையை நோக்கி விரலை நீட்டக்கூடாது, மடக்கித்தான் காட்டுவோம்; அந்த வாளியையும் அப்படியே காட்டினோம்.

"பட்டு சுத்தாம எப்படி அனுப்புறது?" என்றான்.

செத்தவர்களை நாங்கள் பட்டில் சுற்றித்தான் கல்லறையில் வைப்போம். அந்த வீட்டில் இருந்தது ஒரே பட்டு. ஒனோரின் தன் சாவுக்கென்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தது. "அதுல கை வெச்சே, உன்னைத்தான் முதல்ல சுத்துவேன்" என்று கத்தினாள். கொஞ்ச நேரத்தில் கத்தரிக்கோலோடு அவளே வந்தாள். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி மண்மேல் விரித்தாள். "பாவம், யாருமில்லாதது" என்று கண்ணைத் துடைத்தாள். அவர்களுக்கும் பிள்ளை இல்லை.

ஐயாவைத் தூக்கி வாளியில் விட்டான். அவர் பட்டை ஒதுக்கிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். தலை மறைந்தது, உடம்பும் மறைந்தது. சிலாவு தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் மண் அசைந்தது. ஒட்டிய வயிற்றோடு மேலே வந்த ஐயா, பின்னங்காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். ஒனோரின் மெல்ல விலக்கிப் பார்த்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாய் முட்டைகள்.

"அட மடையா, இதுவா ஐயா?" என்று புருஷன் முதுகில் ஒன்று வைத்தாள். சிரித்தாள், அழுதாள். "தண்ணி குடி தாயி" என்று டப்பாவை நிரப்பினாள். அது இலை இலையாக நக்கிக் குடித்தது.

தேறியதும் தாயைக் காட்டோரம் விட்டார்கள். வாளியை மட்டும் ஒனோரின் விடவில்லை. மழைக்காலத்தில் விரல்நுனி அளவுக் குஞ்சுகள் மண்ணைப் பிளந்து வந்தன. அதே காட்டோரம் ஒவ்வொன்றாக இலையில் ஏற்றிவிட்டாள்.

வெட்டிய துண்டைப் பட்டோடு சேர்த்துத் தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. என்னைச் சுத்தும்போது வெட்டு வெளிய தெரியற மாதிரி சுத்துங்க. 'பிள்ளை இல்லாமலா வந்தே'ன்னு கல்லறைல இருக்கிற பெரியவங்க கேட்டா, இதைக் காட்டுவேன்."