நான் புகட்டிய பப்பாளி மருந்து

சென்ற மழைக்காலத்தில் என் கணவர் கிள்ளான் பாசாரில் ஒரு பெண் செம்மறியை வாங்கி, மேருவிலுள்ள எங்கள் வீட்டுக்கு மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். அதற்கு வயிறு பெருத்திருந்தது, கழிச்சலும் கண்டது.

"வயித்துல பூச்சி புள்ள. பப்பாளி வெதைய அரைச்சுக் குடுத்தா எல்லாம் விழுந்துடும்" என்றார்.

அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. நான் பப்பாளி மரத்துப் பக்கம் போனாலே கத்துகிற மனிதர், அன்று காயின் பாலையும் விதையையும் தாமே அரைத்துத் தந்தார். நான் மூங்கில் குழாயில் மூன்று நாள் புகட்டினேன். அந்த ஆடு முரண்டு பிடிக்கவில்லை. என் கையை நக்கியது.

நான்காம் நாள் காலை, பட்டியில் மயிர்கூட முளைக்காத இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. தாய் அவற்றை நக்கிக்கொண்டே இருந்தது.

"பூச்சின்னுல்ல நெனச்சேன்" என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவரை ஏசி என்ன பயன்? எனக்கு ஆகாதது அதற்கு மட்டும் எப்படி ஆகும் என்று எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்!

இப்போதெல்லாம் எந்தப் பெண் ஆட்டுக்கும் பூச்சி மருந்து கொடுக்குமுன் அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன். சினையோ என்று சிறு சந்தேகம் வந்தாலும் கொடுப்பதில்லை.

அந்த ஆடு எங்களிடமே இருக்கிறது. தொட்டிலில் என் மகள் அழுதால், பட்டியிலிருந்து அதுவும் கத்துகிறது.