முப்பத்தெட்டாவது கோப்பு

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தும், தனுஷ்கோடி மீது 1996 ஜூன் வரை ஒரு குற்றச்சாட்டும் கிடையாது. ஆலையிலேயே ஏ.சி. ஓடிய ஒரே அறை அது. குற்றம் செய்ய யாருக்குத் தோன்றும்?

அந்த வருடம் ஏப்ரலில் யாரோ சர்வருக்குள் புகுந்து, ஷிப்ட் பட்டியலில் நாலு பேர் பெயரை இரவிலிருந்து பகலுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார். மேனேஜர் வைகுண்டராஜ் கொதித்துப்போனார். கைவைக்கக் கூடாத கோப்புகள் அறுநூற்றுப் பன்னிரண்டுக்கும் தலைக்கு ஓர் எண் கணக்கிட்டு வைக்க உத்தரவானது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். தினமும் காலை ஒன்பதுக்கு எண்களை ஒப்பிட்டு அறிக்கை அச்சடிக்க வேண்டும்.

தனுஷ்கோடி புரோகிராமை எழுதி முடித்தார். முப்பத்தெட்டாவது கோப்பில்தான் கை தயங்கியது.

அது வரவேற்புக் கோப்பு. யார் சர்வருக்குள் வந்தாலும் திரையில் முதலில் தெரிவது. ஆகவே யாரும் படிக்காதது. வாசகர்கள் இருவரே. ஒருவர் இவர். மற்றவர் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, பக்கத்து நாற்காலியில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு, கோயமுத்தூர் கிளைக்கு மாற்றலாகிப் போனவர். தினமும் பதினோரு மணிக்கு டெலிபோன் லைன் வழியாக சர்வருக்குள் வந்து நூல் இருப்பைப் பார்ப்பார். போகும்போது வரவேற்புக் கோப்பின் அடியில், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி எழுதுவார். இவர் கீழே ஒரு வரி. மறுநாள் அவர் வந்து படித்ததும் இரண்டையும் அழித்துவிடுவார். ஆலையின் வேறெந்த ஆவணமும் இத்தனை ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டதில்லை.

"சார், வரவேற்புக் கோப்பு மட்டும் வேண்டாம்னு நெனைக்கேன்."

"ஏன், அது ஒம்ம மாப்பிள்ளையா? சேரும்யா!"

வைகுண்டராஜ் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். எண் கணக்கிட்ட அந்த நிமிடம் கோப்பில் அன்றைக்கு வந்த வரி இருந்தது: 'மலையில சாரல் விழுந்துருச்சா?'

ஏப்ரலில் ஏது சாரல்? கேள்வி அப்படியே உறைந்துபோனது. கோப்பைத் தொடுபவர் மீது நடவடிக்கை என்று கிளைக்கும் சுற்றறிக்கை போயிற்று. அங்கிருந்து வரி வருவதும் நின்றது. போன் செய்யலாம்தான். ஆனால் மழை விழுந்ததைச் சொல்ல எஸ்.டி.டி. போட்டால், அதற்குப் பெயர் வேறு.

தினமும் அறிக்கை வந்தது: மாற்றம் இல்லை. மேனேஜருக்கு அந்த இரண்டு சொல்லைப் படித்தால்தான் காபி இறங்கியது. தனுஷ்கோடிக்கு இறங்கவில்லை.

ஜூன் எட்டாம் தேதி காலை மலை மறைந்தது. ஜன்னல் கண்ணாடியில் பொடிப்பொடியாகச் சாரல். எட்டு ஐம்பதுக்கு, கேள்விக்குக் கீழே 'விழுந்துருச்சு' என்று தனுஷ்கோடி தட்டினார். ஒன்பதுக்குப் பிரிண்டர் கறகறத்தது: மாறிய கோப்பு, 38. தன் மேல் வந்த புகாரைத் தானே கிழித்து எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்தார்.

"யாருய்யா மாத்துனது?"

"நாந்தான் சார்."

"எதுக்கு?"

"பரிபூரணம் கேட்டிருந்தாங்க. மழை இப்பத்தான வந்துச்சு."

வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"கோயமுத்தூர் லைன் எப்ப வரும்?"

"பதினோரு மணிக்கு சார்."

"பதினொன்னரைக்குப் பழையபடி ஆக்கிரும். அதுக்கு முந்தி ஆக்குனீரு, மெமோதான்."

பதினொன்று ஐந்துக்குக் கோப்பில் இன்னொரு வரி விழுந்தது: 'எனக்காகச் செத்த நேரம் நனைங்க.'

பதினொன்றரைக்குத் தனுஷ்கோடி இரண்டு வரியையும் அழித்தார். பதிலே வராததுபோல அந்தக் கேள்வி மட்டும் மறுபடி நின்றது. குடையை எடுக்காமல் பஞ்சு குடோன் பக்கம் இறங்கிப் போனார்.

மறுநாள் அறிக்கை: அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்பிலும் மாற்றம் இல்லை. கையெழுத்துப் போடுவதற்குள் மூன்று தரம் தும்மினார்.