எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பதில்

கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி தண்ணீர்ப் பந்தல் போடுகிற குழு எங்களுடையது. நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். வாட்ஸப்பில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே எந்தக் குழாய் உடைந்தது என்ற சேதி காணாமல் போய்க்கொண்டிருந்தது. சாஃப்ட்வேர் எழுதுகிறவன் சும்மா இருப்பேனா? செங்கம் ரோட்டில் என் வாடகை அறையில் உட்கார்ந்து நானே ஒன்று செய்தேன். மெயிலில் எழுதினால் இணையத்தில் எங்கள் விவாதப் பக்கத்திலும் அது தலைப்புவாரியாகத் தெரியும். பக்கத்தில் எழுதினால் எல்லோருக்கும் மெயிலாகப் போகும். யாருக்கு எது வசதியோ அது. செய்து முடித்தபோது எனக்கு வந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

குழுவிலிருந்து வரும் எந்த மெயிலுக்கும் 'பதில்' என்று தட்டினால், அது எல்லோருக்கும் போகும்படி வைத்திருந்தேன். குழுவில் லாட்ஜ் நடத்தும் நண்பர் ஒருவர் அப்போதே கேட்டார்.

"ஒருத்தருக்குனு நினைச்சி எழுதி, எல்லாருக்கும் போயிட்டா மானம் போயிடுமேங்க?"

"கண்ணத் தொறந்து பார்த்து அனுப்பணும்ங்க," என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு!

அடி அண்ணாமலையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவும் குழுவில் உண்டு. அவர் வாயால் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொள்ளும், கடைப் பேச்சும் சேர்ந்து அப்படியே மெயில் வந்துவிடும். "மூணாவது குழாயில தண்ணி கம்மியா வருது அந்த தட்ட எடு சட்னி ஜாஸ்தி ஊத்தாத குழாய்கிட்ட கண்ணாடி உடைஞ்சி கெடக்குது." வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு அந்தக் கண்ணாடிச் சேதி எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என் அழகான பக்கத்தில் சட்னி வழிவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் லாட்ஜ் நண்பர் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லி குழுவில் மெயில் போட்டிருந்தார். நானே செய்து வைத்ததை மறந்து, நண்பருக்கு மட்டும் என்று நினைத்து 'பதில்' தட்டினேன். "இந்தம்மா ரம்பம் தாங்கல. இட்லி சுடறத மட்டும் பார்த்தா போதாதா? படிக்காத ஜென்மங்க கையில போன குடுத்தா இப்படித்தான்."

அனுப்பிய மறுநொடியே என் போனிலும் அது வந்து விழுந்தது. ஐயோ! பக்கத்திலிருந்து உடனே அழித்துவிட்டேன். நூறு பேருடைய மெயில் பெட்டியிலிருந்து எப்படி அழிப்பது? அங்கே போனது போனதுதான்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"படிக்காத ஜென்மம்தான் தம்பி நானு. உங்களுக்கு எதுக்கு தொல்லை? இனிமே எழுத மாட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "அம்மா, அது நான் எழுதினது இல்லம்மா. மெஷின் தப்பு. யாரோ எதுக்கோ எழுதினது என் பேர்ல போயிடுச்சி."

அவர் முகம் சட்டென்று தெளிந்தது. "அதான பார்த்தேன்! நீங்க போயி அப்படி எழுதுவீங்களா? உக்காருங்க, சாப்ட்டுட்டுப் போங்க." இலையில் நான்கு இட்லி விழுந்தது. தின்றேன். வெட்கமில்லாமல் சட்னியும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மதியம் அவருடைய மெயில் வந்தது. எல்லோருக்கும். "தம்பி மேல யாரும் கோச்சிக்காதீங்க அது மெஷின் பண்ண தப்பு சாம்பார் வாளிய தள்ளி வை தம்பி தங்கமான புள்ள கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு." நூறு பேரில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. மெஷின் அப்படியெல்லாம் திட்டாது என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அழிக்கும் பொத்தான் என் கையில்தான் இருந்தது. அந்த மெயிலை அழிக்கக் கை வரவில்லை. இன்றும் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த பௌர்ணமி அன்று காலை நானும் நண்பரும் பந்தலில் தண்ணீர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா இட்லிப் பொட்டலங்களோடு வந்தார்.

"தம்பி, மெஷின சரி பண்ணிட்டீங்களா?"

நண்பர் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பண்ணிட்டேம்மா," என்றேன்.