அளவுகோல் வாங்காத போன்

என் தங்கையின் கணவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மாதிரிப் பெட்டி செய்கிறவர். சோப்போ செருப்போ, எதைக் கொடுத்தாலும் அது ஆடாமல் அசையாமல் உட்காரும்படி அட்டையை வெட்டி மடித்துவிடுவார். அங்கே அவருக்கு ‘அளவுகோல்’ என்று பட்டப்பேர். வேலையில் கெட்டிக்காரர், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த மூளையைத் தொழிற்சாலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வரலாம். வரமாட்டார்.

தங்கை ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் உதவியாளர். நிரந்தரம் இல்லை. யாராவது லீவு போட்டால் போன் வரும், ஓடுவாள். அந்தப் போனுக்கோ வீட்டுவேலை முடிகிறவரைகூட சார்ஜ் நிற்காது. சுவரில் வயரைச் சொருகி, தண்டனை வாங்கியவள் மாதிரி அங்கேயே நின்றுதான் பேசுவாள். போன மாதம் ஒரு நிரந்தர இடம் காலியானது. கூப்பிடுவோம், கூப்பிட்டதும் வந்து கையெழுத்துப் போடவேண்டும், தாமதமானால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். புதுப் போன் வாங்க வேண்டும் என்று அவள் கேட்க ஆரம்பித்து அதற்குள் எத்தனையோ மாதமாகியிருந்தது. தானே வாங்கிக்கொள்கிறேன் என்றும் கிளம்பிப் பார்த்தாள். அவசரப்பட்டு வாங்கினால் ஆயுசுக்கும் அழவேண்டும் என்று இவர் தடுத்துவிட்டார்.

கடையில் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் அதே நீள அகலத்தில் அட்டையில் ஒன்று செய்தார். எடை சரியாக வரவேண்டுமென்று உள்ளே நட்டும் வாஷரும் போட்டு ஒட்டினார். தங்கை சமைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். அவள் கட்டைவிரல் மேல் மூலைக்கு எட்டுகிறதா என்று இவர் குனிந்து பார்ப்பார். பஸ்ஸில் தானே ஒன்றைக் காதில் வைத்துப் பேசிப் பார்த்தாராம். பக்கத்தில் இருந்தவர் சத்தமில்லாமல் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து வந்தேன் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அடுத்தது திரை. ஓரம் வளைந்திருந்தால் உள்ளங்கை பட்டுத் தானாக யாருக்காவது போன் போய்விடும். தட்டையாக இருந்தால் லட்சணமில்லை. கேமராவுக்காக நடுவில் ஓட்டை போட்டிருந்தால், படம் பார்க்கும்போது அது தன்னையே முறைக்கிறதாம். பேட்டரி பெரிதென்றால் கனம், கனம் குறைந்தால் பேட்டரி போதாது. ஒருவழியாக முடிவுக்கு வரும் நேரத்தில் அடுத்த மாதம் புதுசு வருகிறது என்று எவனாவது கிளப்பிவிடுவான். இவர் தலை தெரிந்தாலே போன் கடைக்காரர்கள் உள்ளே சாப்பிடப் போய்விடுவார்கள். நான் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு, கடைக்காரன் தலையில் கட்டுவதை வாங்கி வருகிற ஆள் நீங்கள் என்றார். என் தங்கையைக் கட்டிக்கொள்ள மட்டும் ஒரே பார்வையில் தலையாட்டிய மனிதர்.

அன்று அவருக்கு விடுமுறை. தங்கை போனுக்கு முழுக்கச் சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போயிருந்தாள். மணி அடித்தால் கேட்கட்டும் என்று குழாயைக்கூட மெதுவாகத்தான் திறந்து வைத்திருந்தாள். இவருக்கு ஒரு யோசனை வந்தது. இருக்கிற பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் புதுசுக்கு எப்படிக் கணக்குப் போடுவது? திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, ஒரு சண்டைப் படத்தை ஓடவிட்டு எதிரே உட்கார்ந்தார். வில்லன் சாவதற்குள் போன் செத்துவிட்டது. சூடு ஆறியபிறகு சார்ஜ் ஏறும் வேகத்தையும் பார்க்கலாமென்று அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு, முடிவைச் சொல்ல நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“பாதிப் படத்துக்குக்கூட தாங்கல மச்சான்,” என்றார். அப்படி ஒரு திருப்தி முகத்தில்.

சாயங்காலம்தான் தங்கை போனை எடுத்துப் பார்த்தாள். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்களாம், ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்ததாம். அவளுக்கு அடுத்து இருந்தவள் உடனே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

விஷயம் கேள்விப்பட்டு நான் அவள் வீட்டுக்குப் போனபோது அவளும் அப்போதுதான் உள்ளே வந்தாள். கையில் புதுப் போன். வருகிற வழியில் முதலில் கண்ணில் பட்ட கடையில் வாங்கியதாம். இவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவார்கள் என்று நான் என்ன கனவா கண்டேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது போன வருஷத்து மாடல் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி ஒன்று விடலாமா என்றுகூடத் தோன்றியது.

தங்கை போனைத் திரும்ப வாங்கி, அது கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு கேக்குது அண்ணா. உன் நம்பரைப் போட்டுக்கறேன்.”

அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.