சிவப்புப் புள்ளி

வட்டவடையிலிருந்து மூணாறு போகும் ஜீப்பில் ஒரு பெரியவர் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய் நிறைய வெற்றிலை. பேசும்போதெல்லாம் எச்சில் வழியாதபடி அண்ணாந்துகொள்வார். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. டின் விசில் என்ற தகரக் குழல் பழக ஆரம்பித்திருந்த நான், மடியில் இசைக்குறிப்புத் தாளை விரித்து எந்தப் புள்ளிக்கு எந்த விரல் என்று தடவிக்கொண்டிருந்தேன்.

"இது என்ன தம்பி, கோட்டுல புள்ளி புள்ளியா?"

கேட்டவர் அண்ணாந்துகொள்ள மறந்து குனிந்துவிட்டார். கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்பாக ஒன்று சொட்டியது.

"ஒண்ணு கூடிப்போச்சு. அதையும் சேத்து ஊதிருங்க" என்று சிரித்தார்.

தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன். இப்போது வைத்திருப்பது அதே பாட்டின் புதுத் தாள். ஆனாலும் சிவப்புப் புள்ளி விழுந்த அந்த இடம் வந்ததும் அதற்கும் சேர்த்து விரல் தானாக எழும்புகிறது. அப்படி ஊதினால்தான் பாட்டு நன்றாக இருக்கிறது, அதுதான் சகிக்கவில்லை.