தானே ஓடி வரவேண்டும்

நைனாவின் டீசல் ஆட்டோ நின்றுபோனது ஒரு திங்கட்கிழமை. அதை ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைப்பதற்குக் கடைசி நாள் புதன்கிழமை.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு நைனா ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பசியாவரத்திலிருந்து படகில் வந்து இறங்கும் பெண்கள் இறால் கூடையும் நண்டுக் கூடையுமாக அதில்தான் ஏறுவார்கள். கூடைகளிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் பல வருஷமாக வண்டியின் அடித்தகட்டைத் தின்றிருந்தது. ஓட்டை விழுந்த இடத்தில் நைனா ஒரு பலகையைப் போட்டிருந்தார். பலகை விலகினால் கீழே ரோடு ஓடுவது தெரியும். புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நைனா வேகம் எடுத்தால் பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று, புகை கலைந்த பிறகுதான் மறுபடி ஏறுவார்கள்.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. இப்படிப் புகை கக்கும் பழைய வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டால், கேஸில் ஓடும் புது ஆட்டோ வாங்க மானியம் உண்டு. நைனா மாதிரி அன்றன்று ஓட்டி அன்றன்று சாப்பிடுகிறவர்களுக்கு, அதை விட்டால் புது வண்டிக்கு வேறு வழியே கிடையாது. அம்மா இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்துகொண்டே, மூன்று மாதமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி எல்லாக் காகிதங்களையும் சேர்த்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனைதான் பாக்கி. வண்டி தன் சொந்த இன்ஜினில் ஓடி வந்து சேர வேண்டும். ஓடாத வண்டி எப்படியும் புகை விடப்போவதில்லை, அதற்கு எதற்கு மானியம் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தத் திங்கட்கிழமை வரை எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பம்ப்பு போச்சுண்ணா. புதுசு மெட்ராஸ்லேர்ந்து வர ஒரு வாரம் ஆவும். டீசல் பைப்புல காத்த எடுத்துட்டுத் தள்ளிவிட்டா, பத்து நிமிஷம் ஓடும். நின்னுட்டா அவ்ளோதான், மறுபடியும் காத்து ஏறிக்கும்."

"பத்து நிமிஷத்துல எளாவூர் போவ முடியுமா இன்னா?" என்றார் நைனா. வண்டிகளை உடைக்கும் யார்டு எளாவூர்ப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது.

அம்மா அழவில்லை. தன் தம்பிக்குப் போன் போட்டாள். மாமாவிடம் ஒரு குட்டி யானை இருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றிப்போகும் சின்ன லாரி அது. மாமா வந்து, விஷயத்தைக் கேட்டு, படகு கட்டும் பச்சை நைலான் கயிறு ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவந்தார்.

"யார்டு கேட்டு வரைக்கும் நான் இழுத்துகினு வரேன் மச்சான். கேட்டாண்ட அவுத்துட்டுத் தள்ளுவோம். உள்ள போறதுக்குப் பத்து நிமிஷம் போதாதா?"

ஆனால் இரண்டு பேர் போதாது. ஆட்டோவின் கைபிரேக் எப்போதோ அறுந்துபோயிருந்தது. கால்பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. மேட்டில் நின்றால் பின் சக்கரத்துக்குக் கல் வைக்க ஒரு ஆள் வேண்டும். வெளி ஆளைக் கூப்பிட்டால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். அதனால் புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, மடியில் ஒரு கருங்கல்லோடு நான் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கிளம்பும்போது மாமா எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"யாராவது கேட்டா, ஓட்டிகினுதான் வந்தோம்னு சொல்லணும். சொல்லு பாப்பா."

"ஓட்டிகினுதான் வந்தோம்."

கும்மிடிப்பூண்டி வரை ஒன்றும் ஆகவில்லை. கயிறு தொய்வதும் சுண்டி இழுப்பதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை சுண்டும்போதும் என் பற்கள் மோதிக்கொண்டன. நைனா குட்டி யானையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஒரு மேம்பாலம். பாதி ஏறியிருப்போம். பட்டாசு வெடித்தது மாதிரி ஒரு சத்தம். கயிறு அறுந்து பாம்பு மாதிரி துள்ளி எங்கள் கண்ணாடியில் அடித்தது. குட்டி யானை விலகி மேலே போனது. நாங்கள் ஒரு கணம் அப்படியே நின்றோம். பிறகு பின்னால் நகர ஆரம்பித்தோம்.

நைனா பிரேக்கின்மேல் எழுந்தே நின்றுவிட்டார். வண்டி நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஒரு கன்டெய்னர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு ஏறிவந்துகொண்டிருந்தது. அதன் முகப்பில் கட்டியிருந்த எலுமிச்சம்பழங்கள் கூடத் தெரிந்தன.

"கல்லு! பாப்பா, கல்லு!"

குதித்தேன். முட்டி தார் ரோட்டில் தேய்ந்தது. கல்லை இரண்டு கையாலும் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினேன். சக்கரம் அதன்மேல் கொஞ்சம் ஏறியது. ஏறி, இறங்கி, நின்றது. லாரி எங்களை உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனது. அதன் காற்றில் என் பாவாடை முகத்தில் அடித்தது.

நைனா இறங்கிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார். தூக்கிக்கொள்கிற வயதை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். "வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். மாமா மேலேயிருந்து ஓடிவந்தார்.

"மணி மூணு ஆவுது மச்சான். நாலு மணிக்கு கேட்ட மூடிடுவான். இன்னொரு நாள் கிடையாது."

நைனா என் முட்டியைப் பார்த்தார். பிறகு அவரே குனிந்து, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டார்.

யார்டுக்குக் கொஞ்சம் முன்னால் கருவேலம் புதர் மறைவில் கயிற்றை அவிழ்த்தோம். நைனா பைப்பில் காற்றை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். நானும் மாமாவும் தள்ளினோம். ஐந்தாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். மாமா அங்கேயே நின்றுவிட்டார்.

உள்ளே எங்களுக்கு முன்னால் இன்னொரு ஆட்டோ. அதன் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நைனா ஆக்ஸிலேட்டரை விடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு வழியாக அதிகாரி எங்களிடம் வந்தார். நரைத்த மீசை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆஃப் பண்ணுப்பா. நம்பர் பாக்கணும்."

"ஓடட்டும் சார்."

"புகையில ஒண்ணுமே தெரியலப்பா. ஆஃப் பண்ணு."

நைனா ஆஃப் செய்தார். அவ்வளவு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை. அதிகாரி குனிந்து, துருவைத் துணியால் துடைத்து, சேஸிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்த்தார்.

"சரி. ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு."

நைனா முயன்றார். மறுபடி முயன்றார். இன்ஜின் இருமக்கூட இல்லை. அதிகாரி முன்பக்கம் போய் நின்றார். அங்கே கம்பியில் ஒரு பச்சை நைலான் இழை சிக்கியிருந்தது. அதை உருவி எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"முட்டியில இன்னாம்மா ரத்தம்?"

"விழுந்துட்டேன் சார்."

"எங்கேர்ந்து வரீங்க?"

"பழவேற்காடு சார்."

"அங்கேர்ந்து இதை ஓட்டிகினேவா வந்தீங்க?"

நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வெளியே வரவில்லை.

"நைனாதான் ஓட்டினாரு சார். வழி பூரா ஹேண்டில விடவே இல்ல சார்."

அவர் இழையைக் கீழே போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெஜிஸ்டர ஆபீஸ்ல வெச்சிட்டேன். எடுத்துட்டு வரேன். நான் திரும்பி வரப்போ இந்த வண்டி ஓடிகினு இருக்கணும்" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு நடந்தார். போகிற வழியில், ஒரு பழைய பஸ்ஸை அறுத்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்களிடம் என்னவோ சொன்னார். அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள்.

பைப்பில் காற்றை எடுத்துவிட்டுத் தள்ளினார்கள். நான்கு தடவை பிடிக்கவில்லை. ஐந்தாவது தடவை யார்டு முழுக்க ஒரே கறுப்புப் புகை. நைனா சுற்ற ஆரம்பித்தார். ஒரு ரவுண்டு, இரண்டு ரவுண்டு. அதிகாரி வந்து நின்று "போதும்ப்பா" என்று சொன்ன பிறகும், கையெழுத்து விழுகிறவரை அவர் நிறுத்தவில்லை.

அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் இரண்டு மாதம் கழித்துப் புது ஆட்டோ வந்தது. அன்று சாயங்காலம் எங்களுக்கு இருந்தது ஒரு காகிதம் மட்டும். அம்மா அதை மூன்று முறை படித்தாள். என் முட்டிக்கு மருந்து வைத்துவிட்டு எல்லோருக்கும் சோறு போட்டாள். கல் வைத்ததையும் அதிகாரிக்குப் பொய் சொல்லாமலே பதில் சொன்னதையும் நான் கை கால் ஆட்டிச் சொன்னேன். மாமா பாராட்டினார். அந்தத் தெம்பில், வழி பூரா நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்ததையும் எடுத்துவிட்டேன்.

"அந்த சாரு சரியான மறதிம்மா! ரெஜிஸ்டர் எடுத்துட்டு வரேன்னு ஆபீஸ்க்குப் போனாரா? ரெஜிஸ்டர் அவரு கக்கத்துலயே இருந்திச்சி!"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். நைனாவைப் பார்த்தாள்.

"நானும் பாத்தேன்" என்றார் நைனா. தட்டில் இருந்த கை அசையவில்லை.

அவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.